கடலம்மை கேட்காத கடன்: கடற்கரை நாவல்களும் பெண்ணின் உழைப்பும்

தமிழில் நாம் விரும்பி வாசித்த கடற்கரை நாவல்களை ஒரு வரிசையில் அடுக்கிப் பாருங்கள். தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்', வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு'. இவற்றை வாசித்து முடித்த ஒருவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம். கடலுக்குப் போனவர் யார்? பேர்பேராகச் சொல்லிவிடுவார். பிடித்துவந்த மீனை வெட்டி, கழுவி, உப்பிட்டு, காயவைத்து, விலைபேசிக் காசாக்கியவர் யார்? இந்த இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டி வரும். யோசித்தாலும் ஒரு கூடையும் ஒரு தலைச்சும்மாடும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தக் கூடையைச் சுமந்தவளின் கணக்கு ஞாபகத்துக்கு வராது.

கடற்கரை இலக்கியத்தில் பெண் இல்லாமலில்லை. நிறையவே இருக்கிறாள். காதலிக்கிறாள், காத்திருக்கிறாள், அழுகிறாள், ஊர் வாயில் விழுகிறாள். தொழிலாளியாக மட்டும் அவள் அபூர்வமாகவே வருகிறாள். இது ஒரு ரசனைப் பிரச்சினை மாத்திரம் என்றால் விட்டுவிடலாம். நாவலாசிரியனின் கண்ணுக்குத் தப்பிய அதே உழைப்பு, பதிவேடு எழுதும் உத்தியோகத்தரின் கண்ணுக்கும் தப்புகிறது. நிவாரணப் பட்டியல் போடுபவரின் கண்ணுக்கும் தப்புகிறது. ஆகவே கதையில் காணாமற் போனவளைத் தேடுவது எங்கட கரைக்கும் தேவையான காரியமாகிறது.

முதலில் 'செம்மீன்'. 1956இல் மலையாளத்தில் வெளிவந்து, அடுத்த ஆண்டே சாகித்திய அக்காதெமி விருது பெற்ற நாவல் இது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பினால் தமிழ் நாவல் போலவே எம்மிடையே நிலைத்துவிட்டது. ராமு காரியாத் இயக்கி 1965இல் வந்த திரைப்படம் இந்திய ஜனாதிபதியின் தங்கப் பதக்கத்தை வென்றது. கடல் என்றவுடன் கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் நினைவுக்கு வருகிற அளவுக்கு அந்தக் கதை மூன்று தலைமுறையின் மனதில் படிந்து போயிருக்கிறது.

அந்த நாவலைத் தாங்கி நிற்பது ஒரு நம்பிக்கை. கடலுக்குப் போன ஆணின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் ஒழுக்கத்தில் தங்கியிருக்கிறது. அவள் வழுவினால் கடலம்மை அவனை விழுங்கிவிடுவாள். இதைக் கறுத்தம்மாவுக்குச் சொல்லிக் கொடுப்பவள் தாய் சக்கி. நாவலின் முடிவும் இந்த நம்பிக்கையை மெய்ப்பிப்பதாகவே அமைந்திருக்கிறது. ஓர் இரவு கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் சந்திக்கிறார்கள். அதே இரவில் பழனி சுறாவோடு போராடிச் சுழியில் அள்ளுண்டு போகிறான்.

வழமையான விமர்சனம் இந்த இடத்தில் இரண்டு விதமாகப் பேசும். ஒன்று, கற்பை இப்படிக் கடலோடு கட்டிவைத்தது பிற்போக்கு என்னும். மற்றது, அது அந்த மக்களின் ஐதீகம், கலைஞன் அதை அழகாகப் பயன்படுத்தினான் என்னும். இரண்டும் நம்பிக்கையை நம்பிக்கையாக மட்டும் பார்க்கின்றன. அதைத் தொழிலோடு சேர்த்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

செம்பன்குஞ்ஞின் கனவு சொந்தமாகத் தோணியும் வலையும் வாங்குவது. அதற்கான காசு எங்கிருந்து வருகிறது? சக்கி மீன்கூடையைத் தலையில் வைத்துக் கிழக்கே ஊர்களுக்குள் நடந்து விற்றுச் சேர்த்தது ஒரு பங்கு. மீதி, கரையில் கொட்டில் போட்டு வியாபாரம் செய்யும் முஸ்லிம் இளைஞன் பரீக்குட்டியிடமிருந்து கடனாக வருகிறது. அந்தக் கடனுக்கு எழுத்தும் இல்லை, தவணையும் இல்லை. மகளின் மீது அவன் வைத்திருக்கும் பிரியமே பிணை. செம்பன்குஞ்ஞு அதைத் தெரிந்துகொண்டே வாங்குகிறான், திருப்பிக் கொடுக்காமலே இருக்கிறான். பரீக்குட்டி நொடித்துப் போகிறான். அந்தக் கடனைக் கொடுத்துத் தீருங்கள் என்று நாவல் நெடுகிலும் மனம் பதைப்பவர்கள் அந்த வீட்டின் இரண்டு பெண்கள்தான்.

இப்போது அந்தக் கடற்சட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடன் வாங்கிக் கொடுக்காமல் இன்னொருவனின் தொழிலை அழித்த மனிதன் ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போகிறான், மீனோடு திரும்பி வருகிறான். கடலம்மை அவனிடம் எதையும் கேட்கவில்லை. அவனுக்குப் பின்னால் பித்துப் பிடிக்கிறது என்பது உண்மை. அது வாழ்க்கை கொடுத்த அடியே தவிர கடலின் தீர்ப்பு கிடையாது. கடல் கணக்குக் கேட்பது பெண்ணின் உடம்புக்கு மாத்திரம். நாணயத்தைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. நாணயமாக நடக்கச் சொன்னவள் செத்துக் கரையொதுங்குகிறாள்.

தகழி இதை அறியாமல் எழுதினார் என்று சொல்ல முடியாது. கடனை அவ்வளவு நுணுக்கமாக முதல் அத்தியாயத்திலிருந்தே பின்னியவர் அவர்தான். நாவலுக்குள் இரண்டு கதைகள் ஓடுகின்றன. ஒன்று, ஒரு குடும்பம் முதல் சேர்க்கிற கதை. அதில் சக்கி முக்கியமான பங்காளி. மற்றது கற்பின் கதை. முதலாவது கதை பாதி வழியில் நிற்கிறது. சக்கி நோயில் விழுந்து இறக்கிறாள், தோணியில் அவளுடைய பங்கு என்ன என்ற கேள்வியும் அவளோடு மண்ணுக்குள் போகிறது. செம்பன்குஞ்ஞு இரண்டாம் தாரம் கட்டுகிறான். வாசகரின் கண்ணீரெல்லாம் இரண்டாவது கதைக்கே போய்ச் சேர்கிறது. என் முறைப்பாடு இதுதான்: நாவல் தான் கண்ட உண்மையைத் தானே மறந்துவிட்டது.

இந்த நம்பிக்கையின் தொழில்வேலை என்ன என்பதையும் கேட்க வேண்டும். மீனவக் குடும்பத்தில் ஆண் கடலில் இருக்கும் நேரமெல்லாம் பெண் வெளியில் இருக்கிறாள். ஏலத்தில் நிற்க வேண்டும், வியாபாரியோடு பேரம் பேச வேண்டும், அந்நிய ஊர்களுக்குள் நடக்க வேண்டும், காசைக் கையில் வைத்திருக்க வேண்டும். வயல்வேலை செய்யும் குடும்பத்தில் இந்த அளவு தனித்த நடமாட்டம் பெண்ணுக்கு வாய்ப்பதில்லை. இப்படிப்பட்டவளை ஊர் எப்படிக் கட்டுக்குள் வைக்கும்? சுவர் எழுப்பி வைக்க முடியாது, ஏனெனில் அவள் வெளியில் போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஆகவே சுவரை அவள் மனதுக்குள் எழுப்பினார்கள். நீ எங்கே போனாலும் உன் புருஷனின் உயிர் உன் நடத்தையில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். வேலைக்கும் போக வேண்டும், வேலைக்குப் போவதற்காகச் சந்தேகத்தையும் சுமக்க வேண்டும். இன்னொரு வசதியும் இதில் உண்டு. பழுதான தோணி, தப்பான காலநிலை, தனியே கடலுக்குப் போகும்படி ஒருவனை ஒதுக்கி வைத்த சக தொழிலாளர் ஆகிய எல்லாவற்றின் பொறுப்பும் ஒரு பெண்ணின் தலையில் இறங்கிவிடுகிறது. பழனியோடு தோணியில் ஏற மறுத்தவர்களை எந்தக் கடலம்மை கேள்வி கேட்டாள்?

'செம்மீன்' எழுதப்பட்ட காலத்தில் அந்தக் கரையில் வேறென்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். நாவல் வருவதற்கு மூன்று வருடங்களுக்கு முன், 1953இல், தெற்கே கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்திய நோர்வே மீன்பிடித் திட்டம் தொடங்கியது. எஞ்சின் படகுகள் வந்தன, ஐஸ் வந்தது, பின்னால் இழுவை மடி வந்தது. இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சந்தை திறந்தது. ஒரு காலத்தில் உலர்த்தி மலிவாக விற்ற இறால் டொலர் ஆனது. மலையாளத்தில் 'செம்மீன்' என்றாலே இறால்தான் என்பது பலருக்கு மறந்து போயிருக்கும். படம் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், அதே பெயருடைய பொருளை உரித்துக் கொடுப்பதற்கு அந்தக் கரைப் பெண்கள் கொட்டில் கொட்டிலாகக் குந்தியிருந்தார்கள். உரித்த எடைக்குக் கூலி. ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப் போகும், இறாலின் கூர் முனை குத்தி நகக்கண் புண்ணாகும். பிற்காலத்தில் கேரளத்து இளம் பெண்கள் குஜராத்தின் வெராவல் வரை இந்த வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, கூலியிலும் தங்குமிடத்திலும் பட்ட துன்பம் அந்நாட்டில் பேசுபொருளாயிற்று. கறுத்தம்மாவுக்குக் கிடைத்த கண்ணீரில் ஒரு துளிகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மாற்றம் முழுக்க இழப்பாக இருந்தது என்றும் சொல்லக் கூடாது. பொருளியலாளர் லீலா குலாட்டி 1984இல் கேரளக் கரையின் மீனவப் பெண்களைப் பற்றி எழுதிய ஆய்வு சர்வதேச தொழில் அமைப்பின் வெளியீடாக வந்தது. சக்திகுளங்கரையில் எஞ்சின் படகு வந்த பிறகு பெண்கள் உரிப்பு வேலையிலும் மீன் வாங்கி விற்பதிலும் எப்படித் தமக்கு இடம்பிடித்தார்கள் என்பதை அது காட்டுகிறது. வேறு கரைகளில் இதற்கு எதிர்மாறாக நடந்தது. மீன் ஊர்க் கரையில் இறங்காமல் துறைமுகத்தில் மொத்தமாக இறங்க, கூடைக்காரி பெரிய வியாபாரியோடு போட்டிபோட முடியாமல் பின்தள்ளப்பட்டாள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் மீன் நாற்றம் என்று சொல்லிப் பெண்களைப் பஸ்ஸில் ஏற்ற மறுத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் அந்தப் பெண்கள் ஒன்றுசேர்ந்து போராடித் தமக்கெனத் தனி பஸ் ஓட வைத்தார்கள். ஒரு சமூகத்தின் பெண்கள் சந்தைக்குப் போகும் வழியை அரசாங்கத்திடமிருந்து பிடுங்கி எடுத்த கதை அது. நாவலுக்குரிய பொருள் இதில் இல்லையா? ஒரு காதல் தோல்வியை விட இதில் பதற்றம் குறைவா?

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். நாவல் ஆய்வறிக்கை இல்லையே, துயரக் கதைக்கு விதி ஒன்று வேண்டாமா, எல்லாரும் கூலிக் கணக்கு எழுதினால் இலக்கியம் வறண்டு போகாதா என்று கேட்பார்கள். ஆட்சேபத்தில் பாதி சரி. தகழியிடம் புள்ளிவிபரம் கேட்பது மடத்தனம். ஆனால் சக்கியின் கூடையை நாவலுக்குள் கொண்டுவந்தவர் தகழிதான். நாம் வெளியிலிருந்து திணிக்கவில்லை. தான் எடுத்து வைத்த பொருளுக்கு நாவல் பதில் சொல்ல வேண்டும். மற்றது, உழைப்பு என்றால் வறட்சி என்று யார் சொன்னது? கடலில் ஆணின் உழைப்பை எழுதும்போது மட்டும் எங்கட எழுத்தாளர்களுக்கு வறட்சி வருவதில்லையே. 'ஆழி சூழ் உலக'த்தில் நடுக்கடலில் மரம் கவிழ்ந்து தத்தளிப்பவர்களைப் பற்றிய பகுதிகளை மூச்சுப் பிடித்து வாசிக்கிறோம். காற்றின் பெயர், நீரோட்டத்தின் பெயர், மடியின் பெயர், மரத்தின் உறுப்புகளின் பெயர் எல்லாம் அங்கே கவிதையாகின்றன. உப்பின் அளவு, வெயிலின் பதம், ஈ மொய்க்காமல் மீனைப் புரட்டும் நேரம் ஆகியவையும் ஓர் அறிவுதான். அதற்கும் சொற்கள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள யாரும் கருவாட்டுப் பாயின் பக்கத்தில் குந்தவில்லை.

'கடல்புரத்தில்' (1977) இந்த விதத்தில் ஒரு படி முன்னுக்கு நிற்கிறது. மணப்பாட்டுக் கிறிஸ்தவ மீனவர்களின் கதை அது. வல்லத்துக்கும் லாஞ்சிக்கும் இடையில் ஊர் பிளந்து நிற்கும் காலம். பிலோமியின் காதல் கைகூடவில்லை. ஆனால் அதற்காக அவள் கடலில் விழவில்லை, கடலும் யாரையும் தண்டிக்கவில்லை. வழுவிய பெண்ணும் மனுஷிதான் என்ற பரிவோடு வண்ணநிலவன் அவளையும் அவளுடைய தாயையும் பார்க்கிறார். இது பெரிய விடுதலை. எனினும், எஞ்சின் வந்ததால் ஆண்களுக்கு என்ன நடந்தது என்பதைக் கத்திக்குத்து வரைக்கும் சொல்லும் நாவல், பெண்களின் தொழிலுக்கு என்ன நடந்தது என்பதைத் தனிக் கேள்வியாகக் கேட்கவில்லை. பரிவு கிடைத்தது, கணக்குக் கிடைக்கவில்லை.

தோப்பில் முஹம்மது மீரானிடம் வரும்போது நாம் சொந்த வீட்டு வாசலுக்கு வந்துவிட்டோம். தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம்களை அவர் எழுதியபோது நமது காலிப் பக்கத்தவரும் கல்முனைப் பக்கத்தவரும் தம் ஊரையே அதில் கண்டார்கள். அந்தக் கரைக்கும் கொழும்புக்கும் இருந்த வியாபார உறவு 'துறைமுகம்' நாவலின் உயிர்நாடி. 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் (1988) வடக்கு வீட்டு அஹமதுகண்ணு முதலாளியின் முன்னால் தலைநிமிர்ந்து நிற்பவன் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது. முதலாளித்தனத்தையும் தங்ஙளின் ஏமாற்றையும் அந்த நாவல் கிழித்த விதத்துக்கு நிகராகத் தமிழ் முஸ்லிம் இலக்கியத்தில் அதிகம் இல்லை.

மீரானின் பெண்கள் பெரும்பாலும் சுவருக்குள் இருக்கிறார்கள். சுவரையே அவர் ஒரு பாத்திரமாக்கியிருக்கிறார், அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். பெரிய வீட்டுச் சுவருக்குள் ஒரு பெண் எப்படி அழிகிறாள் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் எல்லா வீட்டுக்கும் சுவர் கிடையாது. கிடுகு வேலி வீடுகளும் இருந்தன. சுறாவை அறுத்து, பீலியைத் தனியாக்கி, இறைச்சிக்கு உப்புப் போட்ட கைகள் எந்த வீட்டுக் கைகள்? நாவலின் ஆத்திரம் மேல் வீட்டைப் பார்த்தே இருந்ததால் வேலிக்குப் பின்னாலுள்ள வேலை வெளிச்சத்துக்கு வரவில்லை. பீலி கொழும்புக்குப் போன கதை தெரியும். கொழும்பில் விலை இறங்கிய கதையும் தெரியும். விலை இறங்கிய கிழமையில் அந்தக் கைகளுக்குக் கூலி கிடைத்ததா என்பது தெரியாது.

இலங்கை எழுத்துக்கு வருவோம். வ.அ. இராசரத்தினத்தின் 'தோணி' சிறுகதை சொந்தத் தோணிக்கு ஏங்கும் ஒரு மூதூர்க் கரைச் சிறுவனின் மனதை அழியாதபடி எழுதிவிட்டது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' (1973) பருவத்துக்கு நெடுந்தீவில் வந்து வாடி அடிக்கும் தொழிலாளரையும் உள்ளூர்ப் பெண்களையும் எழுதியது. 1978இல் திரைப்படமாகவும் வந்தது. அந்தக் கதையிலும் வாடி ஆணின் தொழிலிடம், பெண்ணுக்கு அது காதலின் இடம்.

நமது முஸ்லிம் கரைகளிலோ இன்னொரு திரை சேர்ந்து தொங்குகிறது. யாழ்ப்பாணச் சந்தையில் மீன் விற்கும் பெண்ணைக் காணலாம், நீர்கொழும்புக் கரையில் கருவாடு பரப்பும் பெண்ணைக் காணலாம். கிழக்கில் முஸ்லிம் பெண் சந்தையில் மீன் விற்பது வழக்கமில்லை. மலபாரின் மாப்பிளா மீனவக் குடும்பங்களிலும் இப்படித்தான். இதை வைத்து நம் பெண்களுக்குக் கடற்றொழிலில் பங்கில்லை என்று முடிவு கட்டுகிறோம். வேலை வளவுக்குள் நடக்கிறது என்பதால் அது வேலை இல்லை என்றாகிவிடுமா? மிஞ்சிய கீரியையும் சூடையையும் நெத்தலியையும் முற்றத்தில் காயப்போடுவது யார்? கிழிந்த வலையைத் திண்ணையில் இருந்து பொத்துவது யார்? நிலவு காலத்தில் தொழில் படுத்தால் சீட்டுக் காசில் வீட்டை ஓட்டுவது யார்? எஞ்சின் வாங்கும்போது அடகுக்குப் போகிற காப்பும் மாலையும் யாருடையவை? கணக்கெடுக்க வருபவர் கேட்பார்: "வீட்டுக்காரி என்ன செய்றா?" "அவ சும்மா வீட்டிலதான்" என்று பதில் வரும். பதில் சொன்னவளே கருவாட்டுக் கையோடு வந்து நின்றிருப்பாள்.

மார்க்கத்தின் மேல் இந்தப் பழியைப் போட வேண்டியதில்லை. மனைவியின் பொருள் மனைவியுடையது, கணவனுக்கு அதில் உரிமையில்லை என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரிந்த சட்டம். கதீஜா நாயகி வியாபாரம் செய்த பெருமையை மீலாத் மேடையில் பேசாதவர் யாருமில்லை. மேடையிலிருந்து இறங்கியதும் அடகுக்குப் போன நகை 'வீட்டுச் செலவு' ஆகிவிடுகிறது, எஞ்சின் மாத்திரம் 'அவருடைய எஞ்சின்' ஆகிறது. சட்டம் அவள் பக்கம் இருக்கிறது, பேச்சு அவள் பக்கம் இல்லை. பேச்சைச் செய்வதில் இலக்கியத்துக்கும் பங்குண்டு.

இதன் விலை என்ன என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எனக் கரை நெடுக அழிந்தது. உதவி வந்தபோது முதலில் எழுதப்பட்டவை படகு, எஞ்சின், வலை. சில இடங்களில் தேவைக்கு மேலாகவே படகுகள் வந்து குவிந்தன. கருவாட்டுப் பாய், உப்புத் தொட்டி, தராசு, கைமாற்றாகச் சுழன்ற சிறுமுதல் ஆகியவற்றுக்குப் பட்டியலில் இடம் இருக்கவில்லை. அதைவிடப் பெரிய இழப்பு வீட்டில் நடந்தது. கிழக்கில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் வீடு பெண்வழியில் வருவது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே கொண்டுவருவதுதான் வழமை. அலை அள்ளிக்கொண்டு போன வீடுகளில் மிகப் பல அப்படிப் பெண்ணின் பெயரில் இருந்தவை. புதிய வீடு கொடுக்கும்போது 'குடும்பத் தலைவர்' என்ற சொல் குறுக்கே வந்தது. தலைவர் என்றால் ஆண் என்று எடுத்துக்கொண்டு, பல இடங்களில் வீட்டையும் காணியையும் கணவனின் பெயருக்கு எழுதினார்கள். பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. கடல் ஒரு நாளில் எடுத்ததை ஒரு சொல் நிரந்தரமாக எடுத்துக்கொண்டது.

அதற்கு முன்னரும் ஒரு கணக்கு தீராமல் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்க் கரையின் தொழிற்குடும்பங்களும் புத்தளத்துக்கு வந்தன. விட்டுவந்தவற்றைச் சொல்லும்போது தோணி, வலை, வாடி, தோட்டம் என்று சொல்கிறோம். அந்தப் பெண்கள் விட்டுவந்த தொழிலை எந்தத் தலைப்பில் எழுதுவது? கரையில் தமக்கென்று வேலையும் வாடிக்கையும் இருந்தவள், அகதி முகாமில் நிவாரண அட்டையின் ஒரு வரியானாள். வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலியானாள். இடம்பெயர்வு பற்றி நம்மிடையே கவிதைகளும் கதைகளும் கணிசமாக உண்டு. அவற்றை அடுத்த முறை வாசிக்கும்போது இந்தக் கேள்வியையும் சேர்த்து வாசியுங்கள்.

சட்டத்தின் பார்வையும் இதுவே. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் கடலில் நடக்கும் தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் கேட்கிறது, படகைப் பதியச் சொல்கிறது. படகும் வலையும் உள்ளவர் தொழிலாளர் ஆகிறார். கரையில் வேலை செய்பவள் அவருடைய குடும்ப அங்கத்தவர் ஆகிறாள். 2021இல் கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து தொழில் நின்றபோது கருவாட்டுத் தொழிலும் அன்றைக்கே படுத்தது. நஷ்டஈடு என்ற பேச்சு எழுந்தால் கடலுக்குப் போனாயா என்பதே முதற் கேள்வி. அதற்கு அவளிடம் பதில் இல்லை.

உலகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணைத் திறக்கிறது. ஐ.நா. உணவு விவசாய அமைப்பு வேறு ஆய்வு நிறுவனங்களோடு சேர்ந்து 2023இல் வெளியிட்ட சிறுகடற்றொழில் பற்றிய ஆய்வு, பிடிப்பதோடு நிற்காமல் பதப்படுத்துவது, விற்பது, வீட்டுத் தேவைக்குப் பொறுக்குவது எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியது. அப்படி எண்ணியபோது ஈடுபட்டிருப்போரில் பத்துக்கு நால்வர் பெண்கள் எனத் தெரிந்தது. ஏறத்தாழ நான்கரைக் கோடிப் பெண்கள். அந்தப் பெண்கள் 2023இல் புதிதாக முளைத்தவர்கள் இல்லை. எண்ணும் முறை மாறியதும் தெரிந்தார்கள்.

விமர்சனமும் எண்ணும் முறையை மாற்ற வேண்டும். 'வீரப் பெண்' ஒருத்தியைத் தோணியில் ஏற்றிக் கடலுக்கு அனுப்பினால் தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அது பழைய தவறின் மறுபக்கம். கடலில் நடப்பது மட்டும்தான் தொழில் என்பதை அதுவும் ஒப்புக்கொள்கிறது. கரையில் நடப்பதைத் தொழிலென்று எழுதுவதுதான் கடினம். ஒரு கடற்கரைக் கதை நம் கைக்கு வந்தால் மூன்று விஷயம் பார்க்கலாம். தோணி வாங்கிய காசு எங்கிருந்து வந்தது, மீன் எந்தக் கையால் காசானது, அந்தக் காசைச் செலவழிக்கும் முடிவை எடுத்தவர் யார். இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிற கதையில் காதல் இருக்கட்டும், புயல் இருக்கட்டும், கற்பைப் பற்றிய ஊர்ப் பேச்சும் இருக்கட்டும். அப்போது அந்தப் பேச்சு எதற்காகப் பேசப்படுகிறது என்பது வாசகருக்கே விளங்கிவிடும்.

நம் காலாண்டிதழ்களில் எழுதும் இளையவர்களிடம், குறிப்பாகக் கரையூர்களிலிருந்து பல்கலைக்கழகம் போன பெண்பிள்ளைகளிடம், ஒரு வேண்டுகோள். உங்கட உம்மாமாருக்கும் பெரியம்மாமாருக்கும் தெரிந்த மீன்வகை, உப்புக் கணக்கு, வெயிற் கணக்கு, கடன் கணக்கு எல்லாம் ஒரு தலைமுறையோடு போய்விடக் கூடியவை. ஐஸ் லொறியும் குளிரூட்டி அறையும் வந்த பிறகு அந்தச் சொற்களில் பாதி இப்போதே வழக்கொழிந்து வருகின்றன. அவற்றைக் கேட்டு எழுதுங்கள். கதையாக வந்தாலும் சரி, கட்டுரையாக வந்தாலும் சரி. செம்பன்குஞ்ஞின் தோணியில் சக்கிக்கு எத்தனை பங்கு என்று தகழி எழுதவில்லை. எங்கட தோணிகளின் கணக்கையாவது அவற்றின் பங்காளிகள் உயிரோடு இருக்கும்போது கேட்டு எழுதிவைக்கலாம்.